அம்மா பேர் அம்மா

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை தூங்குவதில்லை. மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நடந்து களைத்த கால்கள் எல்லாம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நிருதி லிங்கம் வரை கலகலவென்று வந்த கூட்டம் வருண லிங்கத்தைக் கடக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொள்ளும். ஆதி அருணாசலேசுவரர் கோயில் கோபுரம் தெரிந்ததும் ஓரமாக உட்கார்ந்து செருப்பில்லாத பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொள்ளும். மோர்ப் பந்தலிலும் சுண்டல் அண்டாவின் முன்னாலும் வரிசை நிற்கும். கூட்டம் இப்படித் தளர்கிற இடத்தில்தான் குழந்தைகள் கைநழுவிப் போகின்றன. ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு சட்டென்று நிற்கும். சிவப்புச் சட்டை போட்ட, சுமார் மூன்று வயதுள்ள ஆண் குழந்தை என்று ஒரு குரல் தொடங்கும்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஓர் இரவில், காவல் உதவி மையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அழுது ஓய்ந்திருந்தான். பெண் காவலர் ஒருவர் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டார்.

"உன் பேர் என்னடா கண்ணு?"

"தம்பி."

"அம்மா பேர் என்ன?"

"அம்மா."

"எந்த ஊரு நீங்க?"

"எங்க வீடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காவலர் சிரிக்கவில்லை. இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு தாயைத் தேட வேண்டியவர் அவர். இருபது நிமிடம் கழித்துத் தாயே ஓடிவந்தாள். முதலில் முதுகில் ஓர் அடி வைத்தாள், பிறகு வாரி எடுத்தாள். காவலர் உடனே விடவில்லை, பிள்ளையின் பெயரைச் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதுவதற்கென்று வைத்த நீளமான பெயர் ஒன்றைத் தாய் சொன்னாள். பையன் அந்தப் பெயருக்குத் திரும்பவில்லை. "டேய் தம்பி" என்றதும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அவன் சொன்ன மூன்று பதிலும் உண்மை. ஆனால் எந்த அலுவலகத்துக்கும் அவற்றால் பயனில்லை. ஒருத்தியின் பிள்ளையாக, ஓர் அக்காவின் தம்பியாக, ஒரு வீட்டுக்காரனாகத்தான் அவன் தன்னை அறிந்திருந்தான். அந்த மூன்றிலிருந்தும் பிரித்துவிட்டால் தன்னைப் பற்றிச் சொல்ல அவனிடம் எதுவும் மிஞ்சாது. வளர்ந்த ஆளைக் கடத்தினால் அவர் யார் என்பது அவரோடே போகும். குழந்தையைக் கடத்தினால் அது யார் என்பது பின்தங்கிவிடும், தேடுகிறவர்களிடம். குழந்தைக் கடத்தலைப் பற்றி எழுதப்படுகிறவற்றை நான் படிக்கும்போதெல்லாம் இந்த இருபது நிமிடத்தை வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன்.

*

சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம் எல்லா ஊரிலும் பூச்சாண்டி வருவான். எங்கள் பக்கம் அவன் காவி கட்டி, தோளில் மூட்டையோடு வருவான். கிரிவலப் பாதை நெடுக மரத்தடியில் படுத்திருக்கும் சாமியார்களைக் காட்டி, "சாப்பிடலேன்னா அவர்கிட்டப் பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று மிரட்டாத தாய் இங்கே குறைவு. நானும் அந்தப் பயத்தில் சோறு தின்றவன்தான். பிள்ளை பிடிக்கிறவன் எப்போதும் வெளியூர்க்காரன். அழுக்கானவன். அவன் பேச்சு நமக்குப் புரியாது. அந்தக் கதையின் இலக்கணம் அவ்வளவுதான்.

2018 மே 9 அன்று அந்த இலக்கணம் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் உயிரைக் குடித்தது. சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பம், மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களோடு, போளூருக்கு அருகே அத்திமூர்ப் பக்கம் இருந்த குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்தது. வழி கேட்க நிறுத்திய இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். சாமி கும்பிட வருகிறவர்கள் கண்ணில் படும் பிள்ளைக்கு இனிப்புக் கொடுப்பது நம் வழக்கம். பிள்ளை கடத்த வந்த கும்பல் என்று கைபேசியில் செய்தி பறந்தது. திரண்ட கூட்டம் அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். கூட வந்தவர்கள் படுகாயப்பட்டார்கள். அதே நாட்களில் குடியாத்தம் பக்கமும் பழவேற்காட்டிலும் முன்பின் அறியாத ஆட்கள் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

அப்போது கைபேசிதோறும் சுற்றிய காட்சிகளில் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மூலப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் எச்சரிக்கை வாசகத்தைப் பிரித்துக் காட்டுவார்கள். யாரோ அந்த முடிவை வெட்டியெறிந்துவிட்டார்கள். குழந்தை திரும்பி வருகிற காட்சியை இழந்த கதை ஊர் ஊராகப் போனது. அந்த வருடம் ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே வீச்சில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குள் பல உயிர்கள் போய்விட்டிருந்தன.

அத்திமூரில் என்னை இன்றும் வதைப்பது ஒன்றுதான். அங்கே காணாமல் போன குழந்தை என்று ஒன்று இல்லவே இல்லை. எல்லாக் குழந்தைகளும் தத்தம் தாயின் கண்ணெதிரே விளையாடிக்கொண்டிருந்தன. குழந்தை இல்லாமலேயே குழந்தைக் கடத்தலின் கதை முழுமையாக நடந்துவிட்டது. அந்தக் கதைக்கு வில்லன் ஒருவன் மட்டும் போதும். குழந்தை யாருடையது, அதன் பெயர் என்ன என்று கேட்கிற பொறுமை அதற்குக் கிடையாது. நம் குற்றக் கதைகள் பலவும் வில்லனைச் சுற்றியே கட்டப்படுகின்றன. அவன் கண், அவன் தந்திரம், அவன் பிடிபட்ட விதம். குழந்தை முதல் பத்தியில் காணாமல் போகிறது. கடைசிப் பத்தி வரை காணாமலேயே இருக்கிறது.

*

இதற்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பு, சென்னையில் குழந்தைகள் உண்மையாகவே களவு போயின. அவற்றைக் கொண்டுபோனது மூட்டை தூக்கிய சாமியார் இல்லை. ஆட்டோவும் ரப்பர் ஸ்டாம்பும் கொண்டுபோயின.

1999 பிப்ரவரி. புளியந்தோப்பில் ஒரு கைப்பம்படியில் ஒரு தாய் தன் சின்ன மகனை விட்டுவிட்டுச் சற்று நகர்ந்தாள். திரும்பி வந்தபோது அவன் இல்லை. பெயின்டர் வேலை பார்த்த தகப்பன் வருடக்கணக்கில் தேடி அலைந்தார், தேடலுக்காகச் சொந்தக் குடிசைகளையும் விற்றார். 2005இல் மதுக்கடை ஒன்றில் இரண்டு பேர் வாய்ச்சண்டையில் ஒரு கடத்தலைப் பற்றிக் கத்தியது போலீஸ் காதுக்கு எட்டியது. அந்த நூலைப் பிடித்துப் போனபோது ஒரு கும்பலும், மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற குழந்தைகள் இல்லமும் வெளிச்சத்துக்கு வந்தன. பையன் ஆட்டோவில் ஏற்றப்பட்டு அந்த இல்லத்துக்குக் கொண்டுபோகப்பட்டான், அவனுக்காக 10,000 ரூபாய் கைமாறியது என்பது போலீஸ் தரப்பு. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. பையன் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு குடும்பத்தில் வளர்ந்துகொண்டிருப்பதாகப் புலன் விசாரணை சொன்னது. அதே இல்லம் வழியாகப் போன வேறு குழந்தைகளைத் தேடிய வழிகள் நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நீண்டன.

நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்ட ஒரு பேச்சு உண்டு: "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்." அதன் பின்னால் ஒரு பழைய சடங்கு இருக்கிறது. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், புதிதாகப் பிறந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, தவிட்டை அளந்து கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வாள். இது விலைபோன பிள்ளை, மதிப்பில்லாதது என்று எமன் நினைத்துக்கொண்டு போய்விடுவானாம். பிச்சை, குப்பை, தவிடு என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் அப்படி வந்தவை. பிள்ளையை உயிரோடு வைத்திருக்க ஒரு பொய் விற்பனை, ஒரு பொய்ப் பெயர். ஆனால் அந்தப் பிள்ளை தெருவைத் தாண்டாது. கொடுத்தவளும் வாங்கியவளும் ஒருத்தியே. புளியந்தோப்பில் இந்தச் சடங்கு தலைகீழாக நடந்தது. விற்பனை உண்மை, பெயர் பொய், பெற்றவளுக்கு எதுவும் தெரியாது.

அந்தப் பொய்ப் பெயர் எழுதப்பட்டது ஒப்படைப்புப் பத்திரத்தில். தத்துக்குப் போகும் குழந்தைக்கு அது அடிப்படைத் தாள். பெற்றவள் தன் மனமறிந்து பிள்ளையை இல்லத்திடம் ஒப்படைக்கிறாள் என்பதற்குச் சாட்சி. அந்தத் தாளில் பையனுக்கு வேறு பெயர், வேறு தாய். அதற்குப் பிறகு யாரும் எதையும் திருட வேண்டியிருக்கவில்லை. ஒப்படைப்புத் தாளை நம்பி அடுத்த தாள், அதை நம்பி அனுமதிக் கடிதம், அதை நம்பி நீதிமன்ற ஆணை. இந்துக்கள் அல்லாத வெளிநாட்டார் அந்தக் காலத்தில் 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் வழியாகத்தான் குழந்தையைக் கொண்டுபோக முடியும். ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்திய முத்திரையை நம்பியது. கடைசியில் கையெழுத்திட்டவருக்கும் புளியந்தோப்புக் கைப்பம்புக்கும் நடுவே அத்தனை நல்ல மனிதர்கள் நின்றார்கள்.

இதைத் தடுக்கத்தான் சட்டங்கள் வந்தன. வெளிநாட்டுத் தத்தில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கின் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக 1990இல் மத்திய தத்துவள அமைப்பு உருவானது. நாடுகளுக்கிடையிலான தத்தை ஒழுங்குபடுத்தும் 1993ஆம் வருட ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. புளியந்தோப்புப் பையன் போனது இந்தப் படிகளுக்கு நடுவே. போலீஸ் ஆவணங்களின்படி 1991 முதல் 2003 வரை அந்த இல்லம் குறைந்தது 165 குழந்தைகளை வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுத்திருந்தது. அத்தனையும் களவு என்று சொல்லக் கூடாது. வறுமையாலோ வேறு காரணத்தாலோ தாயே கொடுத்த பிள்ளைகளும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் கொடுத்த பிள்ளையின் தாளும் களவு போன பிள்ளையின் தாளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் அந்த இல்லம் வழியாகப் போன ஒவ்வொருவரும், உண்மையாகவே தத்துக் கொடுக்கப்பட்டவரும்கூட, வாழ்நாள் முழுவதும் ஒரு சந்தேகத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. என்னைக் கொடுத்தார்களா, எடுத்தார்களா? ஒரு பொய்த் தாள் மற்ற மெய்த் தாள்களையும் கொன்றுவிடுகிறது.

*

இந்தக் கதையை உலகம் அறிய எழுதியவர் ஸ்காட் கார்னி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். அப்போது சென்னையில் வசித்தவர். 2009இல் மதர் ஜோன்ஸ் இதழில் எழுதினார், பிறகு தன் ரெட் மார்க்கெட் நூலிலும் சேர்த்தார். அவர் செய்தவற்றில் என்னைத் தொட்டது கண்டுபிடித்த திறமை அல்ல. புளியந்தோப்புக் குடும்பத்தின் செய்தியைச் சுமந்துகொண்டு அமெரிக்காவில் அந்த வீட்டு வாசல் வரை அவர் போனார். வளர்த்த தந்தையிடம் பேசினார். பெற்றவர்கள் பையனைத் திருப்பித் தரச் சொல்லவில்லை, அவனோடு ஏதோ ஓர் உறவு இருந்தால் போதும் என்றார்கள். வளர்த்த குடும்பம் கதவைத் திறக்கத் தயாராக இல்லை. அந்த இடத்தில் எழுத்தாளர் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. பெயர், ஊர், வீடு எல்லாம் தெரியும். அச்சிட்டிருந்தால் கதை பத்து மடங்கு பரபரப்பாகியிருக்கும். அவர் அச்சிடவில்லை. பையனின் இப்போதைய பெயரும் குடும்பத்தின் பெயரும் கட்டுரையில் இல்லை.

அதைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றவள் பக்கம் நின்று பார்த்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் தெரியும். களவு போன பொருள் இருக்குமிடம் தெரிந்தும் எழுதாமல் விடுவது களவுக்குத் துணை போவதாகாதா? நானும் பல நாள் இதை மனத்தில் போட்டு உருட்டியிருக்கிறேன். என் பதில், பையன் பொருள் இல்லை என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. அவன் பெயர் ஒருமுறை அவனைக் கேட்காமல் மாற்றப்பட்டது. இரண்டாம் முறையும் அவனைக் கேட்காமல், ஒரு பத்திரிகையின் பக்கத்தில் மாற்றப்படக் கூடாது. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை தாளை நீட்டி, இது நீதானே என்று கேட்டு அவன் தன்னைத் தெரிந்துகொண்டால், உண்மையும் ஒரு கடத்தல்காரனின் வேகத்தோடு வந்ததாகிவிடும்.

பத்திரிகைகளும் ஊரும் சேர்ந்து ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க வழக்கு ஒன்று இருக்கிறது. 1912 ஆகஸ்டில் லூசியானா மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் பாபி டன்பார் என்ற நான்கு வயதுப் பையன் காணாமல் போனான். எட்டு மாதம் கழித்து மிசிசிப்பியில், ஊர் ஊராகப் போய்ப் பியானோ பழுதுபார்க்கும் வில்லியம் வால்டர்ஸ் என்பவரோடு ஒரு பையன் இருந்தான். வெளியூர்க்காரர், நாடோடி, ஏழை. பூச்சாண்டிக்கு வேண்டிய லட்சணம் முழுவதும் இருந்தது. டன்பார் குடும்பம் இவனே எங்கள் மகன் என்றது. ஜூலியா ஆண்டர்சன் என்ற எளிய பெண், அவன் என் மகன் புரூஸ், நான்தான் வால்டர்ஸோடு அனுப்பினேன் என்றாள். ஐந்து பையன்களை நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னபோது அவளுக்கு உடனே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மணமாகாமல் பெற்றவள் என்பதைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. பையன் டன்பார் குடும்பத்துக்குப் போனான். ஊர் கொண்டாடியது. வால்டர்ஸ் கடத்தல் குற்றவாளி என்று தீர்ப்பானது, பிறகு மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. அந்தப் பையன் பாபி டன்பாராகவே வளர்ந்து, மணந்து, பிள்ளை பெற்று, 1966இல் இறந்தான். 2004இல் அவனுடைய பேத்தி முன்நின்று தேடியதன் முடிவில் மரபணுச் சோதனை நடந்தது. அவன் டன்பார் இரத்தம் இல்லை.

ஜூலியா ஆண்டர்சன் சொன்னது உண்மை என்று ஆனபோது கேட்க அவள் உயிரோடு இல்லை. ஏரிக்கரையில் தொலைந்த பாபி என்ன ஆனான் என்பது தெரியாமலே போயிற்று. கிடைத்துவிட்டான் என்று ஊரே நம்பிய பிறகு அவனை யார் தேடுவார்கள்? அவசரப்பட்டு ஒரு குழந்தைக்கு வைத்த பெயர், இரண்டு குழந்தைகளை ஒரே நேரத்தில் தொலைத்தது.

*

இந்த நூற்றாண்டில் இரத்தம் பேசும், எச்சில் பேசும். அதை முதலில் பேசவைத்தவர்கள் அர்ஜென்டினாவின் பாட்டிகள். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் கொல்லப்பட்ட தம் மகன், மகள்களின் குழந்தைகள், சிறையில் பிறந்தவை உட்பட, வேறு குடும்பங்களில் வேறு பெயர்களில் வளர்கின்றன என்று அறிந்த பாட்டிகள் 1977இல் ஒன்றுகூடினார்கள். தாயும் தகப்பனும் உயிரோடு இல்லாதபோது பாட்டியின் இரத்தத்தைக் கொண்டு பேரனை அடையாளம் காண முடியுமா என்று விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். மேரி கிளேர் கிங் என்ற மரபியலாளர் உள்ளிட்டோர் 1980களில் அதற்கு வழி கண்டார்கள். 1987இல் அங்கே தேசிய மரபணு வங்கி அமைந்தது. ஏறத்தாழ 500 குழந்தைகளைத் தேடத் தொடங்கி, இதுவரை 130 பேருக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். தேடியவர்களில் ஒருவரான எஸ்தெலா தே கார்லோத்தோவுக்குத் தன் பேரன் கிடைத்தது 2014இல், அவருடைய 83ஆம் வயதில்.

1989இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை எழுதப்பட்டபோது, பெயர், நாட்டுரிமை, குடும்ப உறவு ஆகிய அடையாளங்களைக் காத்துக்கொள்ளும் உரிமை 8ஆம் பிரிவாக நுழைந்தது. அர்ஜென்டினாவின் அனுபவம்தான் அதற்குக் காரணம். 1992இல் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. நம் தத்து விதிகளிலும் இன்று வேர்தேடும் உரிமை இருக்கிறது. 18 வயது நிறைந்தவர் தன் பிறப்பைப் பற்றிய விவரத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது பிள்ளை தாயைத் தேடும் பாதை மட்டுமே. தானே மனமுவந்து கொடுத்த தாயின் மறைவைக் காப்பது நியாயம். அதற்காகக் கட்டிய மதில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னாலும் அதே உயரத்தில் நிற்கிறது. அவள் தேட அந்த விதிகளில் ஒரு வாசலும் இல்லை. அவளுக்கு இருப்பது குற்ற வழக்கு ஒன்றுதான். காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும், கடத்தலாகக் கருதியே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே 2013 மே மாதத்தில்தான். புளியந்தோப்புப் பையன் காணாமல் போய்ப் பதினான்கு வருடம் கழித்து.

பாட்டிகளிடம் நான் கற்றுக்கொண்டது அவர்களின் விஞ்ஞானத்தை அல்ல, கூப்பிட்ட விதத்தை. உங்கள் பிறப்பைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறதா, எங்களிடம் வாருங்கள் என்று நாடறிய அறிவித்தார்கள். யாரையும் சுட்டாத அழைப்பு. சந்தேகம் உள்ளவர் தன் காலால் நடந்து வந்து இரத்தம் கொடுக்கலாம். எல்லோரும் வரவில்லை. சோதனைக்கு மறுத்தவர்களும் இருந்தார்கள். வளர்த்தவர்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாதவர்கள், தன் வாழ்க்கை இடிந்துவிடும் என்று பயந்தவர்கள். 2009இல் வந்த ஒரு சட்டம், நீதிபதியின் ஆணையோடு உடை, பல்துலக்கி போன்றவற்றிலிருந்து மரபணு மாதிரி எடுக்க இடம் கொடுத்தது. அந்த நாட்டிலேயே அதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. அரசே செய்த குற்றத்தை அரசு விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்பது சரி. ஆனாலும் விசாரணை அதிகாரிக்குள்ள அந்த அதிகாரம் பேனா பிடித்தவனுக்குக் கிடையாது என்றே நினைக்கிறேன்.

*

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது இன்னொரு காணாமல் போன பிள்ளை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் 16 வயதுப் பையன் ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டோடு ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போனான். அந்தச் சீட்டு 'நான்' என்று தொடங்கி நடுவிலேயே 'இது' என்று மாறியது. அடியில் கையெழுத்து இல்லை. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். மாதக்கணக்கில் அவன் யார் என்று ஊருக்குத் தெரியாது. தாலுகா அலுவலகக் கணக்கர் ஒருவர், பெயர் சொல்லாவிட்டால் நகரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த பிறகே, வேங்கடராமன், திருச்சுழி என்று எழுதிக் காட்டினான். 1898இல் தாய் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து அழுதார். மகன் திரும்பிப் போகவில்லை. பின்னாளில் அவரை ரமணர் என்றார்கள். நான் யார் என்ற அவருடைய கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றும் எத்தனையோ பேர் என் வீட்டு வாசலைக் கடந்து மலையைச் சுற்றுகிறார்கள்.

சிறு வயதிலிருந்து அந்தக் கேள்வியின் நிழலில் வளர்ந்தவன் என்பதால், பெயர் ஒன்றும் பெரிதில்லை, அதுவும் உதிர வேண்டியதுதான் என்ற பேச்சு எனக்குப் பழக்கம். யார் பெற்றால் என்ன, நல்ல இடத்தில்தானே வளர்ந்தான் என்று புளியந்தோப்புக் கதையைக் கேட்டவர்கள் சிலர் என்னிடமே ஆறுதலாகச் சொன்னதுண்டு. நான் அதை ஒப்புவதில்லை. கையெழுத்துப் போடாமல் போன அந்தப் பையனுக்குப் போடுவதற்கு ஒரு கையெழுத்து இருந்தது. கேட்டபோது ஊரோடு சேர்த்துப் பெயரை எழுதத் தெரிந்தது. தேடி வந்த தாயை அடையாளம் தெரிந்தது. அத்தனையும் தன் கையில் இருக்க, அவர் விட்டார். கைப்பம்படியிலிருந்து தூக்கிப்போன குழந்தையிடம் விடுவதற்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதனிடம் நான் யார் என்பது தத்துவக் கேள்வி இல்லை. பதில் உள்ள சாதாரணக் கேள்வி. அந்தப் பதிலை யாரோ பணத்துக்காக மாற்றி எழுதினார்கள்.

எங்கள் ஊர்க் கோயிலை ஒட்டி மாணிக்கவாசகருக்கு ஒரு சன்னதி இருக்கிறது. திருவெம்பாவையை அவர் பாடியது இங்கே என்பது வழிவழி நம்பிக்கை. மார்கழி விடியலில் பெண்கள் வீடு வீடாகப் போய், இன்னும் எழாத தோழியை வாசலில் நின்று எழுப்புகிற பாட்டு அது. கெஞ்சுவார்கள், கேலி செய்வார்கள், கோபிப்பார்கள். எந்தப் பெண்ணும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. உள்ளே இருப்பவள் எழுந்து வந்து திறக்க வேண்டும். திறக்கும் வரை வெளியே குரல் ஓயவும் கூடாது. களவு போன குழந்தையைப் பற்றி எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கதவை உடைப்பது ஒரு குற்றம் என்றால், திறக்கவில்லையே என்று குரலை நிறுத்திவிட்டுப் போவதும் குற்றம்தான். இரண்டாவதைத்தான் நாம் அதிகம் செய்கிறோம். கைது நடந்த வாரம் தலைப்புச் செய்தி, அடுத்த வாரம் வேறு செய்தி. பெற்றவர்கள் மட்டும் வாசலில் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

தீபத் திருவிழாவில் போலீசார் குழந்தைகளின் மணிக்கட்டில் பெயரும் போன் எண்ணும் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனை நினைத்துக்கொள்வேன். பட்டையில் எழுதக்கூடிய பெயருக்கு அவன் திரும்பவில்லை. வீட்டில் கூப்பிட்ட பெயருக்குத்தான் திரும்பினான்.

புளியந்தோப்புப் பையனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அச்சில் வந்திருக்கிறது. அதை நான் இங்கே எழுதவில்லை. அதற்கும் அடியில், அந்தக் கைப்பம்படியில் அவனைக் கூப்பிட்ட ஒரு வீட்டுப் பெயர் இருந்திருக்கும். எந்தப் பத்திரத்திலும் அது ஏறவில்லை, அதனால் யாராலும் அதை மாற்றவும் முடியவில்லை. இன்று அவன் முப்பது வயதை நெருங்கியிருப்பான். என்றைக்காவது அவன் கதவைத் திறந்தால், அந்தப் பெயரை முதலில் சொல்ல வேண்டியது அவன் தாயின் வாய். அதுவரை எங்கள் வேலை, அவள் நிற்கும் வாசலில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது.